சிறு டிராக்டருக்குச் சுழல்வெட்டி தேர்ந்தெடுத்தல்

கருவியின்றித் தொழில் இல்லை. ஆயினும் பொருந்தாக் கருவி தொழிலுக்குத் துணையாகாது, தொழிலாளிக்கே பகையாய் முடிவதும் உண்டு. தச்சன் தன் கைக்கு இசைந்த உளியையும், தட்டான் தன் வேலைக்கு இசைந்த குறட்டையும் ஆராய்ந்து கொள்வதுபோல, உழவனும் தன் நிலத்துக்கும் தன்னிடமுள்ள டிராக்டருக்கும் இசைந்த கருவியை ஆராய்ந்தே கொள்ளக் கடவன். இவ்வாராய்ச்சிக்கு வேண்டுவது பெருங்கல்வியன்று. பள்ளியில் நாம் கற்ற பெருக்கலும் வகுத்தலும், பௌதிக வகுப்பில் கற்ற நெம்புகோல் விதியுமே போதியன. இவ்வுண்மையை ஒரே கருவியைக்கொண்டு விளக்கிக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஈண்டு எடுத்துக்கொண்ட கருவி, அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சிறு பண்ணைகளில் டிராக்டரின் பின்னே பூட்டிப் புல்லையும் புதரையும் வெட்டுதற்குப் பயன்படும் சுழல்வெட்டி என்பது.

1. கருவி தோன்றிய வரலாறு

அமெரிக்காவின் தென்பாகத்திலுள்ள அலபாமா மாகாணத்தின் நடுவே கரிசல் மண் செறிந்த நிலப்பரப்பு ஒன்று கிழக்கு மேற்காகப் பட்டைபோல நீண்டு கிடக்கின்றது. சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்த அம்மண்ணில் 19-ஆம் நூற்றாண்டில் பருத்தியே பிரதான விளைபொருளாய் இருந்தது. அதனை வியர்வை சிந்தி விளைவித்தவர்கள் அடிமைத்தளையிற் கிடந்து, 1865-இல் சட்டத்தால் விடுதலை எய்திய ஆப்பிரிக்க வம்சத்தினர். 1910-ஆம் ஆண்டளவில், பருத்திக்காயைத் துளைக்கும் கூன்வண்டு என்னும் பூச்சியினம், மெக்ஸிகோவினின்று டெக்ஸாஸ் வழியாகப் பரவி அலபாமாவுக்குள் புகுந்தது. பருத்தி நலிந்தது, நாளடைவில் பல வயல்கள் மாடு மேயும் புல்வெளிகளாக மாறின.

புல்வெளி என்பது வெறுமனே விட்டுவிட்டால் புல்வெளியாகவே நிற்பதன்று. மாடுகள் இனிய புல்லைத் தெரிந்து மேய்ந்து, கசப்பும் முள்ளும் உள்ளவற்றை ஒதுக்கிவிடுகின்றன. ஒதுக்கப்பட்டவை செழித்து விதை சிந்துகின்றன. சில ஆண்டுகளில் முட்கொடிகளும் செந்தேவதாருக் கன்றுகளும் எங்கும் முளைத்து வெளியைக் காடாக்கிவிடும். இவற்றோடு, சோளத்துக்கு உறவாகிய 'ஜான்ஸன் புல்' என்பதும் அந்நிலங்களுக்குப் பெரும் பகையாகும். 1840-ஐ ஒட்டி, வில்லியம் ஜான்ஸன் என்ற அலபாமாப் பண்ணையார் அதனை நல்ல தீவனம் என்று கருதித் தம் ஆற்றோர நிலத்தில் விதைத்தார். அது வேலிக்குள் அடங்காது பல மாகாணங்களிலும் பரவி, விதைத்தவர் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கின்றது.

இப்புல்லையும் புதரையும் முற்காலத்தார் கையரிவாளாலும் கோடரியாலும் தீயாலும் அழித்து வந்தனர். 1951-இல், மேற்கூறிய கரிசல் நாட்டிலுள்ள செல்மா என்னும் ஊரில், டிராக்டரால் இயங்கும் சுழல்வெட்டியைச் செய்து விற்கும் கம்பெனி ஒன்று தோன்றிற்று. அக்கருவிக்கு 'புஷ் ஹாக்', அதாவது புதர்ப்பன்றி, என்று பெயரிட்டனர். அது வேலை செய்வதைக் கண்ட ஒரு குடியானவர், 'பன்றி தின்பதுபோலப் புதரைத் தின்கிறதே!' என்று வியந்தமையால் அப்பெயர் வந்ததென்று சொல்லப்படுகின்றது. இன்று எக்கம்பெனியார் செய்த சுழல்வெட்டியாயினும், அதனைக்கொண்டு நிலந்திருத்துவதற்கு அந்நாட்டுப் பாமர மக்கள் இப்பெயரையே வினைச்சொல்லாக்கி வழங்குகின்றனர்.

இக்கருவி தோன்றுதற்கு முன் வேறு இரண்டு புதுமைகள் தோன்றவேண்டியிருந்தன. ஒன்று, எஞ்சினின் சக்தியை டிராக்டரின் பின்புறத்தே சுழலும் தண்டாக வெளிப்படுத்தும் உபாயம். நம் நாட்டு விவசாயிகளும் மெக்கானிக்குகளும் 'பி.டி.ஓ.' என்று வழங்குவது இதனையே. சிறு டிராக்டர்களில் இத்தண்டு நிமிஷத்துக்கு 540 முறை சுழலவேண்டுமென்பது பொது அளவாக ஏற்பட்டுள்ளது. மற்றொன்று, கருவியைச் சங்கிலியாற் கட்டி இழுக்காமல், கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு கையுமாக மூன்று முனைகளிற் பூட்டி, நீரியல் விசையால் ஏற்றவும் இறக்கவும் கூடிய மும்முனை இணைப்பு. இதனைத் திறம்பட ஆக்கியவர் வட அயர்லாந்தில் 1884-இல் பிறந்த ஹாரி பெர்குஸன் என்பவர். இவர் 1938-இல் ஹென்றி ஃபோர்டுடன் கைகொடுத்துச் செய்துகொண்ட வாய்மொழி உடன்படிக்கையின் பயனாக, 1939-இல் இவ்விணைப்புடன் கூடிய ஃபோர்டு-பெர்குஸன் டிராக்டர் வெளிவந்தது. அதற்கு முன், கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால் டிராக்டரின் முன்பாகம் மேலெழுந்து, ஓட்டுபவன்மேற் பின்புறமாகக் கவிழ்ந்து கொல்வது உண்டு. இவ்வபாயத்தைக் குறைப்பதும் பெர்குஸனின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

2. கருவியின் அமைப்பு

சுழல்வெட்டியின் அமைப்பு மிக எளியது. கவிழ்த்த தாம்பாளம்போன்ற இரும்புத் தகட்டுக் கூடு ஒன்று. அதன் உச்சியில் ஒரு கியர் பெட்டி. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டினின்று வரும் இணைப்புத் தண்டு, படுக்கையாகச் சுழன்று அப்பெட்டிக்குள் நுழைகின்றது. பெட்டியினுள் பற்சக்கரங்கள் சுழற்சியைச் செங்குத்தாகத் திருப்புவதோடு அதன் வேகத்தையும் கூட்டுகின்றன. பெட்டியினின்று கீழிறங்கும் அச்சில் கனத்த வட்டத் தட்டு ஒன்றும், அத்தட்டின் இரு ஓரங்களில் இரண்டு கனத்த இரும்பலகுகளும் உள. கூட்டின் பின்னே உயரத்தை நிர்ணயிக்க ஒரு சிறு சக்கரம் இருக்கும்.

இவ்வலகுகள் தட்டோடு இறுகப் பிணைக்கப்பட்டவையல்ல. ஒரு போல்ட்டின்மேல் தாமே திரும்பக்கூடியவை. சுழலும்போது மையம்விட்டோடும் விசையால் நீண்டு நிமிர்ந்து நிற்கும். கல்லிலோ அடிக்கட்டையிலோ மோதினால் பின்னோக்கி மடங்கி, உடையாமல் தப்பும். வட்டத் தட்டின் அடிப்புறம் வளைவாய் இருப்பதால், அடிக்கட்டை எதிர்ப்படின் தட்டு அதன்மேல் வழுக்கி ஏறி இறங்கிவிடும். ஆதலின் இக்கருவியின் அலகு சவரக்கத்திபோற் கூர்மையாய் இருத்தல் வேண்டா. கூர்மையினும் வேகமே இங்கே வெட்டுகின்றது.

அவ்வேகத்தின் அளவை ஒருவாறு கணக்கிடுவோம். 4 அடி அகலம் வெட்டும் கருவியில் அலகின் முனை 4 அடி விட்டமுள்ள வட்டத்திற் செல்லும். அதன் சுற்றளவு ஏறக்குறைய 12½ அடி. அச்சு நிமிஷத்துக்கு 1,000 முறை சுழல்வதாகக் கொண்டால், முனை நிமிஷத்துக்கு 12,500 அடி, அதாவது மணிக்கு 140 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் செல்கின்றது. இவ்வேகத்தில் அலகு ஒரு கூழாங்கல்லைத் தொடுமாயின் அக்கல் என்னாகும் என்பதைப் படிப்பவரே ஊகித்துக் கொள்ளலாம். இவ்விஷயத்தைப் பின்னர்க் கூறுவாம்.

இக்கருவி எல்லா வேலைக்கும் உரியதன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். வீட்டு முற்றத்துப் புல்லை விரிப்புப்போலச் சமமாக வெட்டுதற்கு வேறு கருவி உண்டு. உலர்த்திக் கட்டும் தீவனப் புல்லுக்கு, அரிவாள் போல அடியில் மட்டும் அறுத்துப் புல்லை முழுமையாகச் சாய்க்கும் கருவியே தக்கது. சுழல்வெட்டி புல்லைத் துண்டு துண்டாக்கிச் சிதறிவிடும். சாலையோரம், குடியிருப்பு ஆகிய இடங்களுக்குப் படுக்கை உருளையிற் பல சிறு கத்திகள் தொங்கும் கருவி மேலானது. அது கல்லை அதிக தூரம் எறிவதில்லை. கைவிடப்பட்ட வயல், முட்புதர், விரலளவு பருத்த கன்றுகள், பருத்தி சோளம் இவற்றின் அறுவடைக்குப் பின் நிற்கும் தட்டைகள் ஆகியவையே சுழல்வெட்டிக்கு உரிய இரை.

3. அகலமும் சக்தியும்

கடைக்குச் செல்லும் குடியானவன் முதலிற் கேட்பது, 'எத்தனை அடிக் கருவி?' என்பதே. விற்பவனும் பெரும்பாலும் அகலத்தையே புகழ்ந்து பேசுவான். 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்னும் பழமொழியை நினைத்துக்கொள்ளவேண்டிய இடம் இதுவே.

சுழல்வெட்டியின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் ஏறக்குறைய 5 குதிரைச்சக்தி வேண்டுமென்பது அனுபவத்தால் ஏற்பட்ட விதி. இங்குக் குறிப்பது எஞ்சினின் சக்தியன்று, பி.டி.ஓ. தண்டில் வந்து சேரும் சக்தி. எஞ்சினில் உண்டாவதில் ஒரு பகுதி வழியிலே பற்சக்கரங்களிலும் நீரியல் பம்பிலும் செலவாகிவிடுகின்றது. டிராக்டரின் முகப்பில் 25 என்று எழுதியிருப்பினும், தண்டில் கிடைப்பது 20 அளவாகவே இருக்கக்கூடும். ஆதலின் விளம்பரத்திற் பெரிய எழுத்திலுள்ள எண்ணை விட்டு, கையேட்டிற் சிறிய எழுத்திலுள்ள பி.டி.ஓ. எண்ணைத் தேடிப் பார்க்கவேண்டும். அவ்வெண் 20 ஆனால், 20-ஐ 5-ஆல் வகுக்க 4 கிடைக்கும். அந்த டிராக்டருக்கு உரியது 4 அடிக் கருவி.

அகலத்தின் குறைந்த எல்லையை நிர்ணயிப்பது டிராக்டரின் பின்சக்கரங்கள். ஒரு சக்கரத்தின் வெளிவிளிம்பிலிருந்து மற்றதன் வெளிவிளிம்புவரை உள்ள தூரத்தைக் கருவியின் வெட்டு அகலம் மூடவேண்டும். மூடாவிடில், சக்கரம் மிதித்துச் சாய்த்த புல் வெட்டுக்குத் தப்பி மறுநாள் எழுந்து நிற்கும். ஆகவே சக்கரங்களின் அகலம் கீழெல்லை, சக்தி மேலெல்லை. நல்ல தேர்வு இவ்விரண்டுக்கும் நடுவே அமையும்.

'ஓரடி கூடுதலாக இருந்தால் எவ்வளவோ நேரம் மிச்சமாகுமே' என்று சிலர் கூறலாம். அதனையும் கணக்கிட்டே பார்ப்போம். மணிக்கு 3 மைல் வேகத்திற் செல்லும் டிராக்டர் ஒரு மணி நேரத்தில் 15,840 அடி செல்லும். 4 அடிக் கருவியாயின் 63,360 சதுர அடி வெட்டும். ஏக்கருக்கு 43,560 சதுர அடியாதலின், இது ஏறக்குறைய 1½ ஏக்கராகும். திரும்பும் நேரத்துக்கும், ஒரு வரிசைமேல் மறு வரிசை ஏறுவதற்குமாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், மணிக்கு 1.16 ஏக்கர் நிற்கும். 5 அடிக் கருவியோ இதே கணக்கில் 1.45 ஏக்கர் வெட்டும். 6 ஏக்கர் நிலத்தை முன்னது 5 மணி 10 நிமிஷத்திலும், பின்னது 4 மணி 8 நிமிஷத்திலும் முடிக்கும். வித்தியாசம் ஒரு மணி நேரம். ஆண்டுக்கு இருமுறை வெட்டும் சிறு பண்ணைக்கு இது பெரிதன்று. அன்றியும் இக்கணக்கு, இரண்டு கருவிகளும் ஒரே வேகத்திற் செல்லும் என்ற ஊகத்தின்மேல் நிற்பது. சக்தி போதாத டிராக்டர் அடர்ந்த புல்லில் 5 அடிக் கருவியை இழுக்கையில் எஞ்சின் திணறும். ஓட்டுபவன் வேகத்தைக் குறைப்பான். மிச்சமென்று எண்ணிய ஒரு மணியும் மறைந்துவிடும்.

4. எடையும் நெம்புகோலும்

சக்தியைப்பற்றி விசாரிப்பவர் பலர். எடையைப்பற்றி விசாரிப்பவர் சிலரே. ஆயினும் உயிரைத் தொடும் கணக்கு இதுவேயாகும்.

மும்முனை இணைப்பிற் பூட்டிய கருவி வேலை செய்யும்போது, அதன் பாரத்தில் ஒரு பகுதியைப் பின்னுள்ள சிறு சக்கரம் தாங்கும். பாதையிற் செல்லவோ பள்ளத்தைத் தாண்டவோ ஓட்டுபவன் அதனை உயர்த்தும்போது முழுப் பாரமும் டிராக்டரின்மேல் விழுகின்றது. அப்போது டிராக்டர் ஒரு நெம்புகோல். பின்னச்சே அதன் ஆதாரப்புள்ளி. பின்னே தொங்கும் பாரம், முன்சக்கரங்களை மேலே தூக்கப் பார்க்கின்றது.

1,800 பவுண்டு எடையுள்ள ஒரு சிறு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 5 அடி. எடையில் நூற்றுக்கு 40 பங்கு, அதாவது 720 பவுண்டு, முன்சக்கரங்களின்மேல் நிற்கின்றது என்க. இதன் பின்னே 600 பவுண்டு எடையுள்ள 5 அடிக் கருவியைப் பூட்டி உயர்த்துகிறோம். அதன் புவியீர்ப்பு மையம் பின்னச்சுக்கு 6 அடி பின்னே உள்ளதாயின், 600-ஐ 6-ஆற் பெருக்கி 5-ஆல் வகுக்க, 720 வரும். முன்சக்கரங்களின்மேல் இருந்ததும் 720 பவுண்டே, பாக்கி பூஜ்யம்! அந்நிலையில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். ஆனால் டிராக்டர் திரும்பாது. சிறிது மேட்டில் ஏறினால் முன்பாகம் வானை நோக்கும்.

அதே டிராக்டரின் பின்னே 400 பவுண்டு எடையுள்ள 4 அடிக் கருவியைப் பூட்டுவோம். அது குறுகியதாதலின் அதன் மையம் பின்னச்சுக்கு 5 அடி பின்னே இருக்கும் என்க. 400-ஐ 5-ஆற் பெருக்கி 5-ஆல் வகுக்க, முன்சக்கரங்கள் இழப்பது 400 பவுண்டு, எஞ்சுவது 320. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காயினும் முன்சக்கரங்களின்மேல் இருக்கவேண்டுமென்பது பொது விதி. மொத்தம் 2,200 ஆதலின் 440 பவுண்டு வேண்டும். முன்னச்சுக்கு 2 அடி முன்னே 100 பவுண்டு இரும்புக் கட்டியைத் தொங்கவிட்டால், நெம்புகோல் விதிப்படி அது முன்சக்கரங்களில் 140 பவுண்டாக வந்து சேரும். 320-உம் 140-உம் சேர்ந்து 460. மொத்த எடையும் 2,300 ஆகிவிட்டதனால் அதன் ஐந்தில் ஒரு பங்கு 460. கணக்கு நேராயிற்று.

5 அடிக் கருவிக்கும் இவ்வாறே பார்த்தால், தொங்கவிடவேண்டிய கட்டி 400 பவுண்டாகும். ஓரடி அகலம் கூடியதற்கு முன்னிற் கட்டவேண்டிய பாரம் நான்கு மடங்காகப் பெருகியமை காண்க. அகலம் வளரும்போது எடையும் வளர்கின்றது, நெம்புகோலின் கையும் நீள்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்குவதே இதன் காரணம். கைவசமுள்ள டிராக்டரின் அளவுகளை இவ்வெண்களுக்குப் பதிலாக இட்டு ஒவ்வொருவரும் இக்கணக்கைத் தாமே செய்துகொள்ளலாம்.

நீரியல் கைகளின் தூக்குந் திறனையும் கவனிக்கவேண்டும். கைகளின் நுனியில் எவ்வளவு தூக்கும் என்பது ஓர் எண். நுனிக்கு 24 அங்குலம் பின்னே எவ்வளவு தூக்கும் என்பது வேறோர் எண். இரண்டாவது சிறியது, சுழல்வெட்டிக்குப் பயன்படுவதும் அதுவே.

5. நிலத்தின் இயல்பு

டிராக்டரை அளந்தபின் நிலத்தை அளக்கவேண்டும். அகலத்தால் ஒத்த இரண்டு கருவிகள் கனத்தால் வேறுபடலாம். தகட்டின் கனத்தை அமெரிக்கர் 'கேஜ்' என்ற எண்ணாற் குறிக்கின்றனர். எண் கூடக் கூடத் தகடு மெல்லியதாகும் என்பதை மறத்தலாகாது. 12 கேஜ் தகடு சுமார் பத்திலொரு அங்குலம்; 7 கேஜ் அதனினும் தடித்தது. கியர் பெட்டிக்கும் தாங்கும் குதிரைச்சக்தி இவ்வளவென்றும், கருவிக்கு வெட்டும் மரக்கன்றின் விட்டம் ஓரங்குலம், இரண்டங்குலம் என்றும் செய்தவர் குறித்திருப்பர். ஆண்டுதோறும் தவறாது வெட்டிவரும் புல்வெளிக்கு மெல்லிய கருவியே போதும். பத்தாண்டு கைவிடப்பட்ட நிலத்துக்கு அது ஒரு பருவத்துக்கும் தாங்காது. எனினும், ஒரே முறை திருத்தவேண்டிய காட்டுக்காகக் கனத்த கருவியை வாங்கி, அதன் பாரத்தைச் சிறு டிராக்டர்மேல் ஆண்டுதோறும் சுமத்துவதும் அறிவுடைமையன்று. முதல் வெட்டைப் பெரிய டிராக்டர் உடையவரிடம் கூலிக்கு விட்டு, பின்வரும் வெட்டுக்களுக்குரிய கருவியைத் தான் வாங்குவதே சிக்கனமாகும்.

அலகு அசையாப் பொருளில் மோதும்போது அதிர்ச்சி டிராக்டரின் உட்பாகங்களுக்குச் செல்லாமல் தடுக்க இருவகை ஏற்பாடுகள் உள. ஒன்று, தானே அறுந்து மற்றவற்றைக் காக்கும் மெல்லிய போல்ட். இது மலிவானது. ஆனால் கல்லும் கட்டையும் மலிந்த நிலத்தில் அடிக்கடி அறுந்து வேலையைத் தடைசெய்யும். அலுப்புற்ற ஓட்டுநன், அறாத கடின எஃகு போல்ட்டை மாட்டிவிடுவானாயின், அடுத்த மோதலில் அறுவது கியர் பெட்டியாகும். மற்றொன்று, அளவுக்கு மிஞ்சிய பாரம் வரும்போது வழுக்கிக்கொடுக்கும் கிளச். கரடான நிலத்துக்கு இதுவே சிறந்தது. ஆயின் மழையிலும் பனியிலும் நெடுநாள் கிடந்தால் அதன் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். வழுக்காத கிளச் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். ஆகையால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அதன் திருகுகளைத் தளர்த்திச் சிறிது சுழலவிட்டு மீண்டும் உரிய அளவுக்கு முடுக்கவேண்டும்.

பழைய கருவியை வாங்குவோர் வர்ணப்பூச்சைக் கண்டு மயங்காமல், கூட்டில் விரிசல் உண்டா, வட்டத்தட்டு கோணியுள்ளதா, அலகுகளைத் தாங்கும் போல்ட்டுகள் தேய்ந்தனவா, கியர் பெட்டியின் அடியில் எண்ணெய் கசிகின்றதா என்ற நான்கையும் குனிந்து பார்க்கவேண்டும்.

6. பழைய டிராக்டருக்கு ஓர் எச்சரிக்கை

1947 முதல் 1952 வரை ஃபோர்டு கம்பெனியார் '8 என்' என்னும் சிறு டிராக்டரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து விற்றனர். உறுதியாற் புகழ்பெற்ற அவ்வகை டிராக்டர்களுள் சில இக்காலத்தும் சிறு பண்ணைகளில் உழைக்கின்றன. இவற்றின் பி.டி.ஓ. தண்டும் ஓடும் சக்கரங்களும் ஒரே கிளச்சின் வழியே சக்தி பெறுபவை. கிளச்சை மிதித்தால் எஞ்சின் விலகும். தண்டும் சக்கரங்களும் தம்முள் இணைந்தே இருக்கும். சுழல்வெட்டியின் கனத்த தட்டோ பெரிய சுழற்சக்கரம் ஒன்றை ஒத்தது. ஓட்டுபவன் வேலியோரத்திற் கிளச்சை மிதித்த பின்னும் அது சுழன்றுகொண்டிருந்து, தண்டின் வழியே சக்கரங்களைச் சுழற்றி டிராக்டரை முன்னே தள்ளும். நிற்கும் என்று எண்ணிய டிராக்டர் வேலிக்குள்ளோ குளத்துக்குள்ளோ பாய்வது இதனாலேயே.

இதற்கு மாற்று, சக்தியை டிராக்டரிலிருந்து கருவிக்கு மட்டும் செல்லவிட்டு எதிர்த்திசையில் தடுக்கும் ஒருவழி இணைப்பு. மிதிவண்டியை மிதியாது விட்டாலும் பின்சக்கரம் மட்டும் ஓடுவதுபோன்ற அமைப்பே இது. விலை சொற்பம். இதனை மாட்டும்போது தண்டு சில அங்குலம் நீள்வதால், இணைப்புத் தண்டைப் புதிதாக அளந்து வேண்டிய அளவு குறைக்கவேண்டும். குறைக்காவிடில் கருவியை உயர்த்தும்போது தண்டு இடித்துக் கியர் பெட்டியை உடைக்கும். இவ்வகை டிராக்டர் உடையவர் சுழல்வெட்டியின் விலையோடு இவ்விணைப்பின் விலையையும் ஒரே பட்டியலில் எழுதிக்கொள்ளல் தகும்.

7. உயிர்க்காப்பு

நிமிஷத்துக்கு 540 சுற்று என்பது வினாடிக்கு 9 சுற்று. 3 அங்குல விட்டமுள்ள தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 9½ அங்குலம். அதிற் சிக்கிய துணி வினாடிக்கு 7 அடி சுற்றிக்கொள்ளும். ஒருவன் 'ஐயோ' என்று வாய்திறக்குமுன் எட்டு முழ வேட்டியிற் பாதி சுருண்டுவிடும். துணியோடு கையும் உடலும் செல்லும். ஆகையால் தண்டை மூடும் பிளாஸ்டிக் உறை உடைந்த கருவியை எவ்வளவு மலிவாயினும் உறை மாற்றாமல் பூட்டலாகாது. சுழலும் தண்டைத் தாண்டுதல் ஒருபோதும் கூடாது.

அலகு எறியும் கல்லைப்பற்றி முன்னர்க் குறித்தோம். சுமார் 300 அடிக்குள் எவரும் நில்லாதிருத்தல் வேண்டும் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. கூட்டின் முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலித் திரைகள் பல கற்களைத் தடுக்கும். ஆதலின் அவற்றை அலங்காரம் என்று எண்ணாமல், விலையோடு சேர்ந்த அவசியமாகக் கொள்ளவேண்டும். தண்டை நிறுத்திய பின்னும் அலகு அரை நிமிஷம்வரை சுழலக்கூடும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் இட்டு, உயர்த்திய கூட்டுக்குக் கனத்த முட்டுக் கொடுத்த பின்னரே அதன் அடியிற் குனியலாம். நீரியல் கை ஒன்றையே நம்பிக் கூட்டின் கீழ்ப் புகுவது, ஒற்றை நூலிற் கட்டிய பாறையின் கீழ்ப் படுப்பதை ஒக்கும்.

டிராக்டர் கவிழும்போது ஓட்டுபவனைக் காக்கும் இரும்பு வளைவைப் புதிய டிராக்டர்களில் அமைத்தே தீரவேண்டுமென்று சுவீடன் நாடு 1959-இல் சட்டம் செய்தது. அமெரிக்கக் கம்பெனிகள் 1985 முதல் தாமே முன்வந்து அதனைப் பொருத்தி வருகின்றன. அவ்வளைவும் இடைக்கட்டும் இணைந்தே பயன் தருவன. இடைக்கட்டு அணியாதவன் வளைவுக்கு வெளியே எறியப்படுவான். கடையிற் கருவிக்கென வைத்த பணத்தில் ஒரு பகுதியை, இவ்வளைவு இல்லாத பழைய டிராக்டருக்கு வளைவு பொருத்தச் செலவிட்டு, மீதிக்குக் கிடைக்கும் சிறிய சுழல்வெட்டியை வாங்குபவனே உண்மையிற் கெட்டிக்கார வியாபாரி.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கருவியைத் தேர்ந்தெடுத்தல் கடையில் தொடங்குவதன்று, வீட்டிலே டிராக்டரின் பக்கத்தில் ஓர் அளவுகோலோடும் காகிதத்தோடும் தொடங்குவது என்பது விளங்கும். முதலில் பி.டி.ஓ. சக்தி, அடுத்துப் பின்சக்கரங்களின் அகலம், அதன்பின் எடையும் நெம்புகோலும், பிறகு நிலத்தின் இயல்பு, இவற்றோடு காப்புக்கு வேண்டியவை. இவ்வைந்தையும் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்பவன் விற்பவனின் சொல்வன்மைக்கு அஞ்சவேண்டியதில்லை.

அலபாமாக் கரிசலில் தோன்றிய இக்கருவியின் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்பார்க்கு ஒரு மறுமொழி உண்டு. பெர்குஸனின் கம்பெனி 1953-இல் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு இணைந்தது. அம்மரபில் வந்த மாஸி பெர்குஸன் டிராக்டர்களை நம் நாட்டிற் செய்வதற்கென 1960-இல் சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கப்பெற்றது. ஆகவே நம் ஊர் வயலில் உழும் டிராக்டரிலும் அதே மும்முனை இணைப்பும், நிமிஷத்துக்கு 540 முறை சுழலும் அதே தண்டும் உள. தென்னந்தோப்பிற் களை வெட்டும் சுழல்வெட்டிக்கும், சேற்றைக் கலக்கும் ரோட்டவேட்டருக்கும் இக்கணக்கே மாதிரியாகும். நெம்புகோல் விதி தேசத்துக்குத் தேசம் மாறுவதன்று.

நம் மாணவருட் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தந்தையாரோ மாமனாரோ புதிய கருவி வாங்க எண்ணியிருப்பாராயின், அவருடன் அமர்ந்து ஒரு மாலைப்பொழுது இவ்வளவுகளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டுக. தண்டின் உறை உடைந்திருப்பின் அதனை அன்றைக்கே மாற்றச் செய்க. வகுப்பறையிற் கற்ற ஒரு விதி வீட்டார் ஒருவரின் உயிரைக் காக்குமாயின், கல்வியின் பயன் அதனினும் வேறு வேண்டுமோ?